போதும் என்று சொல்பவரின் கெண்டைக்கால்

மருத்துவமனையில் சேரும் ஒரு முதியவர் உடம்புக்குத் தேவையான அளவு சாப்பிடுகிறாரா என்று கண்டுபிடிக்க ஆறு கேள்விகளும் ஒரு டேப்பும் போதும். 'மினி நியூட்ரிஷனல் அசெஸ்மென்ட்', சுருக்கமாக எம்.என்.ஏ. என்ற படிவத்தைத்தான் சொல்கிறேன். பிரான்ஸின் துலூஸ் நகரத்து முதியோர் மருத்துவர்களும் நெஸ்லே நிறுவனத்தின் ஆய்வாளர்களும் சேர்ந்து 1990களின் தொடக்கத்தில் உருவாக்கியது. ஊட்டச்சத்துப் பவுடர் விற்கிற கம்பெனியே ஊட்டச்சத்துக் குறைவை அளக்கிற கருவியையும் செய்திருக்கிறதே என்று நீங்கள் புருவத்தை உயர்த்தலாம். நானும் உயர்த்தினேன். ஆனால் கருவி நல்ல கருவிதான். உலகம் முழுக்க முதியோர் வார்டுகளில் இன்றும் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

அதன் சுருக்க வடிவத்தில் இருக்கும் கேள்விகள் எளிமையானவை. கடந்த மூன்று மாதத்தில் சாப்பாடு குறைந்ததா? எடை குறைந்ததா? எழுந்து நடமாடுகிறாரா? இந்த மூன்று மாதத்தில் பெரிய மனக்கஷ்டமோ கடும் நோயோ வந்ததா? மறதி, மனச்சோர்வு உண்டா? கடைசியாக பி.எம்.ஐ., அதாவது உயரத்துக்கேற்ற எடை எவ்வளவு? மொத்தம் 14 மதிப்பெண். 12 முதல் 14 வரை வாங்கினால் பரவாயில்லை. 8 முதல் 11 வரை என்றால் கவனம் தேவை. 7 அல்லது அதற்குக் கீழே என்றால் அந்த மனிதர் ஊட்டச்சத்தில்லாமல் மெலிந்துகொண்டிருக்கிறார் என்று பொருள்.

கடைசிக் கேள்வியில் ஒரு சிக்கல் உண்டு. கூன் விழுந்த முதுகுக்கு உயரம் எப்படி எடுப்பது? நிற்கவே முடியாதவரை எந்தத் தராசில் ஏற்றுவது? அதற்கு மாற்றாக வந்ததுதான் டேப். கெண்டைக்காலின் பருத்த பகுதியைச் சுற்றி அளக்க வேண்டும். 31 செ.மீ. அல்லது அதற்கு மேல் இருந்தால் 3 மதிப்பெண். 31க்குக் கீழே என்றால் பூஜ்யம். நடுவில் எதுவும் கிடையாது. முப்பதே முக்கால் என்றாலும் பூஜ்யம்தான்.

மென்பொருள் எழுதிப் பிழைப்பவன் என்பதால் என்னை அதிகம் கவர்ந்தது எடைக் கேள்விக்கான மதிப்பெண் முறை. மூன்று கிலோவுக்கு மேல் குறைந்திருந்தால் 0. ஒன்றிலிருந்து மூன்று கிலோ என்றால் 2. குறையவே இல்லை என்றால் 3. விட்டுப்போன அந்த 1 யாருக்கு? 'தெரியாது' என்று சொல்பவருக்கு. டேட்டாபேஸில் தகவல் இல்லாத இடத்தை நாங்கள் 'நல்' என்போம். தமிழில் எழுதினால் ஏதோ நல்ல விஷயம்போல இருக்கும். பெரும்பாலும் அதைக் கணக்கில் சேர்க்காமல் ஒதுக்கிவிடுவோம். இந்தப் படிவம் ஒதுக்கவில்லை. தன் எடை குறைந்ததா என்றே தெரியாத முதியவர், ஒன்றிரண்டு கிலோ குறைந்தவரைவிட மோசமான நிலையில் இருக்கலாம் என்று வைத்துக்கொள்கிறது. யோசித்துப் பார்த்தால் நியாயம்தான். மூன்று மாதமாக யாரும், அவர் உட்பட, அவர் உடம்பைக் கவனிக்கவில்லை என்பதும் ஒரு தகவல்.

ஆக இந்தப் படிவத்துக்கு இரண்டு சாட்சிகள். ஒருவர் வாயால் பேசுகிறார்: "நல்லாத்தான் சாப்புடறேன், எனக்குப் போதும்." இன்னொன்று கால். அது 28 செ.மீ. என்கிறது. இரண்டும் ஒரே ஆளுடையவை. யாரை நம்புவது என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி. மருத்துவர்கள் தீர்த்துக்கொள்ள வேண்டிய சின்ன நடைமுறைச் சிக்கல்போலத் தெரியும். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

*

முதலில், மருத்துவமனையில் பட்டினியா என்று கேட்பவர்களுக்காகக் கொஞ்சம் வரலாறு.

ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் 1859இல் எழுதிய செவிலியர் குறிப்புகளில் நோயாளி சாப்பிடுவதைப் பற்றி மட்டும் தனி அத்தியாயங்கள் இருக்கின்றன. சுற்றிலும் உணவு இருக்க, அதை அவர் உண்ணும்படி கொடுக்கத் தெரியாததால் பட்டினி கிடக்கும் நோயாளிகளைப் பற்றி அவர் எழுதினார். 115 வருடம் கழித்து, 1974இல், அமெரிக்காவின் அலபாமாவில் சார்லஸ் பட்டர்வொர்த் என்ற மருத்துவர் மருத்துவமனை அலமாரிக்குள் ஒரு எலும்புக்கூடு ஒளிந்திருக்கிறது என்று தலைப்பு வைத்து ஒரு கட்டுரை எழுதினார். நோயாளிகள் நோயால் மட்டும் மெலியவில்லை, நாமும் மெலிய வைக்கிறோம் என்பது அவர் குற்றச்சாட்டு. அவர் அடுக்கிய காரணங்களில் கொடூரம் எதுவும் இல்லை. உயரமும் எடையும் குறித்து வைப்பதில்லை. டெஸ்ட்டுக்காக வேளை வேளையாகச் சாப்பாட்டை நிறுத்துகிறோம். நாள்கணக்கில் குளுக்கோஸ் டிரிப்பை மட்டும் ஓடவிடுகிறோம். எவ்வளவு சாப்பிட்டார் என்று யாரும் பார்ப்பதில்லை. பணியாளர்கள் மாறிக்கொண்டே இருப்பதால் இது யாருடைய பொறுப்பு என்று யாருக்கும் தெரிவதில்லை.

இருபது வருடம் கழித்து, 1994இல், ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் மக்விர்ட்டரும் பென்னிங்டனும் மருத்துவமனையில் சேர்ந்த 500 பேரைப் பரிசோதித்தார்கள். 200 பேர் ஊட்டச்சத்துக் குறைவோடு இருந்தார்கள். அந்த 200 பேரில் 96 பேரின் கோப்புகளில் மட்டுமே ஊட்டச்சத்து பற்றி ஏதாவது ஒரு குறிப்பு இருந்தது. மற்றவர்களுக்கு ரத்தம் எடுத்தார்கள், எக்ஸ்ரே எடுத்தார்கள். மெலிந்திருந்ததை எழுதி வைக்கவில்லை.

நம்மூர் மருத்துவமனையில் படுத்தவர்களுக்கு இது புரியும். காலையில் ஸ்கேன் என்று வெறும் வயிற்றில் வைப்பார்கள். ஸ்கேன் மதியத்துக்குத் தள்ளிப்போகும். மதியம் மெஷின் ரிப்பேர் என்பார்கள். சாயங்காலம் எடுத்துவிட்டு வரும்போது கேன்டீன் சாப்பாடு ஆறிப்போயிருக்கும். "பரவால்ல, ஒரு பன்னு போதும்" என்பார் பெரியவர். அடுத்த நாள் இன்னொரு டெஸ்ட். இதில் தனியாக எடுத்துப் பார்த்தால் யாருமே தப்புச் செய்யவில்லை. முப்பது வயதுக்காரருக்கு இதெல்லாம் ஒன்றும் செய்யாது. எண்பது வயது உடம்பில் இழந்த தசை அவ்வளவு சீக்கிரம் திரும்பி வராது. படுக்கையில் கரைந்த தசையோடு வீட்டுக்குப் போகிறவர் குளியலறையில் வழுக்கி விழுந்து திரும்ப வருவார்.

*

இது ஏன் நம் கண்ணில் படுவதில்லை? நம்மிடம் ஒரு வாக்கியம் தயாராக இருக்கிறது: "வயசானா அப்படித்தான்."

வயதானால் பசி குறையும், உடம்பு ஒடுங்கும். இதில் ஓரளவு உண்மை உண்டு. நாக்கின் ருசியும் மூக்கின் மணமும் மங்குகின்றன. வயிறு சீக்கிரம் நிறைந்தாற்போல ஆகிறது. ஆனால் 'அப்படித்தான்' என்ற சொல் இங்கே இரண்டு வேலை செய்கிறது. வழக்கமாக நடப்பது இது என்று ஒரு செய்தி சொல்கிறது. கூடவே, ஆகவே இதில் செய்ய ஒன்றுமில்லை என்று ஒரு தீர்ப்பும் சொல்லிவிடுகிறது. செய்தியைக் காட்டி நம்மைத் தீர்ப்புக்குத் தலையாட்ட வைக்கிறது.

சராசரி என்ற சொல்லின் முடிவில் 'சரி' இருக்கிறது. சொற்பிறப்பில் தொடர்பு இல்லையென்றாலும் நம் மனம் அந்த இரண்டையும் குழப்பிக்கொள்கிறது. இந்திய முதியோர் பற்றி நடத்தப்பட்ட மிகப் பெரிய ஆய்வான 'லாசி', 2017-18இல் எடுத்த கணக்கின்படி, 60 வயதுக்கு மேற்பட்ட இந்தியர்களில் 27 சதவீதம் பேர் எடை குறைந்தவர்கள். அதாவது நான்கில் ஒருவருக்கும் மேல். தெருவில் பத்துப் பெரியவர்களைப் பார்த்தால் இரண்டு மூன்று பேர் ஒட்டிய கன்னத்தோடு இருப்பார்கள். அதைப் பார்த்தே வளர்ந்த நமக்குப் பதினோராவது ஒட்டிய கன்னம் நோயாகத் தெரியாது, வயதாகத்தான் தெரியும்.

படிவங்களுக்குள்ளும் இந்தக் குழப்பத்தின் நிழல் விழுகிறது. ஊட்டச்சத்துக் குறைவை வரையறுக்க உலக அளவிலான மருத்துவ அமைப்புகள் சேர்ந்து 2019இல் 'கிளிம்' என்ற பொது அளவுகோலை வெளியிட்டன. அதில் 70 வயதைத் தாண்டியவருக்கு பி.எம்.ஐ. 22க்குக் கீழே போனால் அது குறைவு. ஆசியர் என்றால் 20க்குக் கீழே போக வேண்டும். உடலமைப்பு வேறு, கொழுப்பும் தசையும் சேரும் விகிதம் வேறு என்பது இதற்குப் பின்னால் இருக்கும் வாதம். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் 'நம்ம ஆளுங்க உடம்பு வாகே இதுதான்' என்று சொல்லும்போது, அதில் எவ்வளவு உயிரியல், எவ்வளவு தலைமுறை தலைமுறையாகச் சாப்பிடாமல் விட்டது என்று கேட்காமலிருக்க முடியவில்லை. பலகாலம் பசித்தவர்களை அளந்து அதன் சராசரியைக் கோடாகப் போட்டால், அந்தக் கோட்டுக்குள் பசியும் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

*

இனி சாட்சிகளுக்கு வருவோம்.

எம்.என்.ஏ.வின் முழு வடிவத்தில் 18 கேள்விகள், 30 மதிப்பெண். அதில் இரண்டு கேள்விகள் நோயாளியின் சொந்த அபிப்பிராயத்தைக் கேட்கின்றன. உங்களுக்கு ஊட்டச்சத்துக் குறை இருப்பதாக நினைக்கிறீர்களா? உங்கள் வயதுக்காரர்களோடு ஒப்பிட்டால் உங்கள் ஆரோக்கியம் எப்படி? "எனக்கு ஒரு குறையும் இல்லை" என்பவருக்கு 2 மதிப்பெண். "மத்தவங்கள விட நான் நல்லா இருக்கேன்" என்பவருக்கு இன்னொரு 2. ஆக, தன்னைப் பற்றிக் குறை சொல்லத் தெரியாத ஒருவர் 4 மதிப்பெண் கூடுதலாக வாங்கிவிடுவார். 24 வாங்கினால் சரி, அதற்குக் கீழே 17 வரை ஆபத்து என்று இருக்கும் அளவுகோலில் 4 என்பது சின்ன எண் அல்ல.

அமர்த்திய சென் தன் எழுத்துகளில் ஒரு பழைய கணக்கெடுப்பை மேற்கோள் காட்டுவார். வங்கப் பஞ்சத்துக்கு அடுத்த வருடம், 1944இல், கல்கத்தாவுக்கு அருகே அகில இந்திய சுகாதார நிறுவனம் எடுத்தது. மனைவியை இழந்த ஆண்களில் 48.5 சதவீதம் பேர் தங்கள் உடல்நிலை மோசம் அல்லது சுமார் என்று சொன்னார்கள். கணவனை இழந்த பெண்களில் அப்படிச் சொன்னவர்கள் 2.5 சதவீதம். அந்தக் கால வங்கத்தில் ஒரு விதவை எதைச் சாப்பிடலாம், எத்தனை வேளை சாப்பிடலாம் என்று ஊரே விதி வைத்திருந்தது. அவர்கள் ஆண்களைவிட ஆரோக்கியமாக இருந்திருக்க வழியே இல்லை. உடம்பைப் பற்றிப் புகார் சொல்ல உரிமை உண்டு என்ற எண்ணமே அவர்களுக்கு வரவில்லை என்பதுதான் சென் எடுத்துக்கொள்ளும் பாடம். இல்லாமைக்குப் பழகிய மனம் தன் விருப்பங்களையும் அதற்கேற்பச் சுருக்கிக்கொள்கிறது.

நம் சமையலறைகளுக்கு இதை மொழிபெயர்க்கத் தேவையில்லை. எல்லோருக்கும் போட்டுவிட்டுக் கடைசியில் உட்கார்ந்து, குழம்பு தீர்ந்திருந்தால் மோரும் ஊறுகாயுமாக முடித்துக்கொண்டவர்கள்தான் இன்று முதியோர் வார்டில் படுத்திருக்கும் பெண்கள். அவர்களிடம் போய், "போதுமான அளவு சாப்பிடுகிறீர்களா?" என்று கேட்கிறது படிவம்.

இங்கே இரண்டு பக்கமும் வழுக்குகிறது. அவர் சொல்வதை அப்படியே ஏற்றால் அவரைக் கைவிடுகிறோம். "உங்களுக்கு ஒன்றும் தெரியாது, உங்கள் கால்தான் உண்மை பேசுகிறது" என்றால், வாழ்நாள் முழுக்க யாரும் காதுகொடுக்காத ஒருவரின் பேச்சைக் கடைசியிலும் நாம் கேட்கவில்லை. ஒருவருடைய சொல்லுக்கு அவர் யார் என்பதை வைத்துக் குறைவான மதிப்புக் கொடுப்பதை மிராண்டா ஃபிரிக்கர் என்ற தத்துவவாதி ஒரு தனி வகை அநீதியாகவே சொல்கிறார். பசியைக் கண்டுபிடிக்க அந்த அநீதியைச் செய்துதான் ஆக வேண்டுமா?

சில வருடங்களுக்கு முன் அப்பத்தாவுக்கு இடுப்பெலும்பு முறிந்து ஆபரேஷன் ஆனபோது பக்கத்தில் இருந்தேன். உணவியல் நிபுணராக வந்தவர் இருபத்தைந்து வயதுகூட இருக்காத பெண். கையில் படிவம். "பாட்டி, காலைல என்ன சாப்டீங்க?" அப்பத்தா, "வயிறு நெறைய சாப்ட்டேன் தாயி. நீ சாப்ட்டியா?" என்றது. அரை இட்லி தட்டில் அப்படியே கிடந்தது. அந்தப் பெண் தட்டைப் பார்த்தார். தட்டைச் சுட்டிக்காட்டிக் கேள்வி கேட்கவில்லை. அப்பத்தாவின் கையைப் பிடித்து வளையலை மெல்ல மேலே ஏற்றிப் பார்த்தார். அது தடையில்லாமல் முழங்கைவரை போனது. "இது எப்பப் போட்டது பாட்டி? அப்பவும் இப்படித்தான் இருந்துச்சா?" அப்பத்தா சிரித்துக்கொண்டே, "அப்ப சோப்புப் போட்டுத்தான் தாயி ஏத்துனாங்க. இப்ப படுத்தா கழண்டு விழுந்துருது. ரவிக்கையெல்லாம் ரெண்டு தடவ புடிச்சுத் தச்சாச்சு" என்றது. எத்தனை தீபாவளிக்கு முன்னால் எந்த ரவிக்கையைப் பிடித்தது என்பதுவரை சொன்னது. ஐந்து நிமிடத்தில் மூன்று வருட எடை வரலாறு கிடைத்துவிட்டது.

வளையல், மோதிரம், ரவிக்கை, பல்செட் தளர்ந்ததா என்று கேட்பது பாட்டி வைத்தியம் இல்லை. பிரிட்டனில் 2003இல் வந்த 'மஸ்ட்' என்ற அளவுகோலிலேயே, எடை எடுக்க முடியாதபோது உடையும் நகையும் தளர்ந்திருக்கின்றனவா என்று பார்க்கச் சொல்லும் பகுதி உண்டு. அந்தப் பெண் படித்ததைத்தான் செய்தார். ஆனால் நடந்ததை நான் பலமுறை யோசித்திருக்கிறேன். அப்பத்தா பொய் சொல்லவில்லை. 'வயிறு நெறைய சாப்ட்டேன்' என்பது அது கொடுத்த அறிக்கை இல்லை, அது செய்த உபசாரம். வந்த பெண்ணுக்குச் சங்கடம் வரக் கூடாது, பக்கத்திலிருக்கும் பேரனுக்குக் கெட்ட பெயர் வரக் கூடாது. அதனால்தான் அடுத்த மூச்சிலேயே "நீ சாப்ட்டியா" என்றது. உபசாரத்தைத் தகவலாக எடுத்துக்கொண்டு அதில் உண்மை பொய் பார்த்தால் தப்பு கேட்பவருடையது.

வளையலைப் பற்றிக் கேட்டபோது அப்பத்தா உண்மையான சாட்சி ஆனது. யாரையும் குற்றம் சொல்லாமல், தன்னையும் பாரமாக்கிக்கொள்ளாமல், தனக்குத் தெரிந்ததைச் சொல்ல ஒரு வழி கிடைத்தது. வாயை நம்புவதா காலை நம்புவதா என்ற கேள்விக்கு என்னால் தர முடிகிற பதில் இதுதான்: வாய் எதைப் பற்றிப் பேச முடியுமோ அதைக் கேட்க வேண்டும். அந்தக் கேள்வியைத் தேடிக் கண்டுபிடிப்பது கேட்பவரின் கடமை, படுத்திருப்பவரின் கடமை இல்லை.

*

சரி, ஒருவர் உண்மையிலேயே போதும் என்று முடிவெடுத்திருந்தால்?

இந்த எதிர்வாதத்தைத் தள்ளிவிட முடியாது. உண்ணாமல் உயிர்விடுவதைக் கௌரவமாகப் பார்த்த மரபு நம்முடையது. கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்தான், பிசிராந்தையார் வந்து உடன் அமர்ந்தார். சமணரின் சல்லேகனை இன்றும் நடக்கிறது. 2015 ஆகஸ்டில் ராஜஸ்தான் உயர் நீதிமன்றம் அதைத் தற்கொலைக்குச் சமம் என்று தடை செய்தது. அதே மாதம் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நிறுத்திவைத்தது. 2018இல் 'காமன் காஸ்' வழக்கில், கண்ணியமாக இறப்பது வாழ்வுரிமையின் பகுதி என்றும், உயிரை இழுத்துப் பிடிக்கும் சிகிச்சைகளை முன்கூட்டியே எழுதி வைத்து மறுக்கலாம் என்றும் உச்ச நீதிமன்றம் சொன்னது. முற்றிய டிமென்ஷியாவில் வயிற்றில் குழாய் போட்டு உணவு செலுத்துவதைவிட, வாங்குகிற மட்டும் கையால் பொறுமையாக ஊட்டுவதே மேல் என்று அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கமும் பரிந்துரைக்கிறது. எல்லாரையும் கடைசிவரை ஊட்டித் தீர்க்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை.

ஆனால் வடக்கிருந்தவன் அரசன். அவனிடம் சோறு இருந்தது, ஊட்ட ஆள் இருந்தது, அதை மறுத்தான். மறுப்பு என்பதற்கு அர்த்தம் வர எதிரில் ஒன்று நீட்டப்பட்டிருக்க வேண்டும். வார்டில் "வேண்டாம்" என்பவரின் வாயைத் திறந்து பார்த்தால் நாக்கில் வெள்ளையாகப் பூஞ்சை படர்ந்திருக்கலாம். பல்செட் வீட்டிலேயே மறந்துபோயிருக்கலாம். ஐந்து நாளாக மலச்சிக்கல் இருக்கலாம். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின், இதயத்துக்கு டிஜாக்சின் என்று பசியைக் கெடுக்கும் மாத்திரைகள் ஓடிக்கொண்டிருக்கலாம். உப்பும் இல்லாமல் இனிப்பும் இல்லாமல் வந்த உப்புமாவைப் பார்த்தே வெறுத்திருக்கலாம். யாருக்கும் தெரியாத மனச்சோர்வு இருக்கலாம். சாப்பிட்டால் பெட்பேன் கேட்க வேண்டும், கேட்டால் ஆயாம்மா திட்டுவார் என்ற பயம் இருக்கலாம். இது ஒவ்வொன்றையும் பார்த்து, சரிசெய்து, அதற்குப் பிறகும் அவர் தெளிவாக "வேண்டாம்" என்றால், அதன் முன் நாம் தலைவணங்கலாம். முதல் நாளே தலைவணங்குவதற்கு வேலை மிச்சம் என்று பெயர். நான் புரிந்துகொண்ட வரையில், தன்னுரிமை என்பது பரிசோதனைப் பட்டியலின் கடைசி வரியில் வர வேண்டியது.

இன்னொரு முனையும் நமக்குத் தெரியும். தென்மாவட்டங்களில் தலைக்கூத்தல் என்ற பெயரில் நடந்தவற்றில் முதியவர் போதும் என்று சொல்லவில்லை. அவருக்காகப் பிறர் போதும் என்று சொன்னார்கள். எண்ணெய்க் குளியலும் இளநீரும் உபசாரத்தின் உருவத்திலேயே வந்தன. வறுமை, நிலம், பராமரிக்க ஆளில்லாமை என்று அதற்குப் பின்னால் பல காரணங்கள் உண்டு. தீர்ப்புச் சொல்வது என் நோக்கமில்லை. ஒரு கிழவியின் உடம்பு எப்போது முடிந்தது என்பதை யார் வேண்டுமானாலும் முடிவுசெய்யலாம் என்ற நிலைக்கு எதிராக, 31 செ.மீ. என்ற அந்த முரட்டுத்தனமான எண்கூட ஒரு சின்னப் பாதுகாப்புதான் என்று எனக்குத் தோன்றுகிறது. டேப்புக்கு அவர் பெயரில் நிலம் இருக்கிறதா என்று தெரியாது.

*

எண்ணைப் புகழ்ந்துவிட்டேன். அதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும்.

ஒருமுறை எங்கள் டீமுக்கு ஒரு மருத்துவமனையின் பழைய தரவுகள் வந்தன. புது மென்பொருளுக்கு மாற்ற வேண்டும். நோயாளியின் எடை அதில் கட்டாயக் களம், நிரப்பாமல் அடுத்த பக்கம் போகாது. ஒரு வார்டின் பதிவுகளைத் திறந்தால் 60, 60, 55, 60, 60, 60 என்று வரிசையாக நின்றன. ஒரே எடையில் இத்தனை பேர் ஒரே வார்டில் சேர்வது அதிசயம். முப்பது நாற்பது பேரைப் பார்க்கிற நர்ஸுக்கு அடுத்த பக்கம் போக வேண்டியிருந்தது, அவ்வளவுதான். களம் கட்டாயமானதால் உண்மை வரவில்லை, எண் வந்தது. காலியாக இருந்திருந்தால் 'தெரியாது' என்றாவது புரிந்திருக்கும். இப்போது தெரிந்ததுபோல ஆகிவிட்டது.

ஓர் அளவு இலக்காக மாறியதும் அது நல்ல அளவாக இருப்பதை நிறுத்திக்கொள்கிறது. பொருளாதார நிபுணர் சார்லஸ் குட்ஹார்ட் 1975இல் சொன்னதிலிருந்து வளர்ந்த விதி இது. இங்கிலாந்தின் ஸ்டாஃபோர்ட் மருத்துவமனையில் நடந்தது இதன் இருண்ட வடிவம். நிர்வாகம் நிதி இலக்குகளைத் துரத்திக்கொண்டிருந்த வருடங்களில் அங்கே முதியவர்களுக்கு உணவும் தண்ணீரும் கை எட்டாத தூரத்தில் வைக்கப்பட்டன, பிறகு அப்படியே எடுத்துச் செல்லப்பட்டன. ராபர்ட் ஃபிரான்சிஸ் நடத்திய விசாரணையின் அறிக்கை 2013இல் வந்து நாட்டையே உலுக்கியது. தட்டு வந்தது, தட்டு போனது. கணக்கில் மூன்று வேளை உணவு வழங்கப்பட்டது.

அப்படியானால் எண்ணை விட்டுவிட்டுப் பார்வையை நம்பலாமா? இதற்கும் ஒரு சுவாரசியமான வரலாறு இருக்கிறது. டொரன்டோவில் பேக்கர், டெட்ஸ்கி முதலிய மருத்துவர்கள் 1982இல் ஒரு ஒப்பீட்டை வெளியிட்டார்கள். ரத்தப் பரிசோதனை முதலிய அளவீடுகள் ஒரு பக்கம். நோயாளியிடம் பேசி, தொட்டு, தோளையும் தொடையையும் பார்த்து மருத்துவர் எடுக்கும் முடிவு இன்னொரு பக்கம். பயிற்சி பெற்ற கண்ணும் கையும் எடுத்த முடிவு அளவீடுகளோடு நன்றாகவே பொருந்தியது. இரண்டு மருத்துவர்கள் தனித்தனியே பார்த்தாலும் பெரும்பாலும் ஒரே முடிவுக்கு வந்தார்கள். அதிலிருந்து 1987இல் ஒரு முறையே உருவானது. பெயரிலேயே 'அகவயமான' என்ற சொல்லைத் தைரியமாக வைத்துக்கொண்ட மருத்துவ அளவுகோல் அது. மறுபுறம், புறவயமானது என்று வெகுகாலம் நம்பப்பட்ட ரத்த அல்புமின் அளவு, சாப்பாட்டைவிட உடம்பின் அழற்சியைத்தான் அதிகம் காட்டுகிறது என்று இப்போது ஒதுக்கிவைத்துவிட்டார்கள்.

எண்ணா பார்வையா என்பதைவிட முக்கியமானது, அளந்த பிறகு என்ன என்பது. சுவிட்சர்லாந்தின் எட்டு மருத்துவமனைகளில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் நடந்த 'எஃபர்ட்' ஆய்வு 2019இல் வெளிவந்தது. ஆபத்தில் இருப்பதாகக் கண்டறியப்பட்டவர்களில் ஒரு பாதிக்கு வழக்கமான மருத்துவமனைச் சாப்பாடு. இன்னொரு பாதிக்கு ஒவ்வொருவருக்கும் எவ்வளவு தேவை, எது பிடிக்கும் என்று பார்த்து உணவு. 30 நாளில் முதல் குழுவில் 10 சதவீதம் பேர் இறந்திருந்தார்கள். இரண்டாவது குழுவில் 7 சதவீதம். புது மருந்து ஏதும் இல்லை. தயிர், சூப், கூடுதல் புரதம், விசாரிக்க ஓர் ஆள்.

நூறு பேருக்கு மூன்று பேர். இந்த மூன்று பேரை அறிந்த பிறகு அளவெடுப்பதன் பொருள் மாறிவிடுகிறது. அதற்கு முன்பு அது ஒரு தகவல். இப்போது அது ஒரு கடன். படிவத்தில் 6 என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட நொடியில், எழுதியவருக்கும் அந்த நிறுவனத்துக்கும் தெரிந்துவிட்டது. தெரிந்ததைத் தெரியாததாக்கும் பட்டன் எந்த மென்பொருளிலும் இல்லை. பல இடங்களில் அளக்காமலே விடுவதற்கு நேரமின்மை மட்டும்தான் காரணமா என்று எனக்குச் சந்தேகம் உண்டு. அளந்தால் ஏதாவது செய்ய வேண்டிவரும்.

*

யார் செய்வது? பிரிட்டனின் சில மருத்துவமனைகளில் உதவி தேவைப்படுபவருக்குச் சாப்பாட்டைச் சிவப்புத் தட்டில் கொடுக்கும் வழக்கம் வந்தது. தட்டைப் பார்த்தாலே தெரியும், இவருக்கு ஊட்ட வேண்டும், அப்படியே எடுத்துப் போகக் கூடாது என்று. நம் ஊரில் சிவப்புத் தட்டின் வேலையைச் செய்பவர் அட்டெண்டர் பாஸோடு படுக்கைக்கடியில் பாய் விரித்துப் படுத்திருக்கும் மகளோ மருமகளோதான். நம் மருத்துவமனைகளின் ஊட்டச்சத்துத் திட்டமே பெரும்பாலும் அவர்களுடைய எவர்சில்வர் தூக்குவாளிதான். மகள் வேலைக்குப் போக வேண்டியிருந்தால் அன்று மதியத் திட்டம் ரத்து. மகளே இல்லாதவருக்கு என்றுமே ரத்து. இதில் அன்பைப் பெருமையாகப் பேசிக்கொண்டே, அன்பு வாய்க்காதவர்களை விட்டுவிடுகிறோம். 2024இல் கிண்டியில் 200 படுக்கைகளோடு முதியோருக்கென்றே ஒரு தேசிய மருத்துவமனை திறக்கப்பட்டிருப்பது நல்ல செய்தி. ஆனால் வயதானவர்கள் எல்லா வார்டிலும் இருக்கிறார்கள்.

திருக்குறளில் 'மருந்து' என்ற அதிகாரத்தைப் படித்தால் அதில் பெரும்பகுதி சாப்பாட்டைப் பற்றித்தான் இருக்கும். அதன் கடைசிக் குறள் மருத்துவத்தை நான்காகப் பகுக்கிறது. நோயாளி, மருத்துவர், மருந்து, நான்காவதாக உழைச்செல்வான், அதாவது பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்பவர். அவர் சொந்தக்காரராக இருக்க வேண்டும் என்று அங்கே நிபந்தனை இல்லை. மருத்துவத்துக்கு வெளியே நிற்கும் பாசமாக அவரை வைக்காமல், மருத்துவத்திலேயே கால் பங்காக வைத்திருப்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. கால் பங்கு என்றால் அதற்குச் சம்பளம், நேரம், பயிற்சி, பொறுப்பு எல்லாம் இருக்க வேண்டும்.

எம்.என்.ஏ.வின் நீண்ட படிவத்தில் ஒரு கேள்வி உண்டு. தானாகச் சாப்பிடுகிறாரா, சிரமப்பட்டுச் சாப்பிடுகிறாரா, பிறர் உதவியில்லாமல் சாப்பிடவே முடியாதா? மூன்றாவது பதிலுக்குப் பூஜ்யம். மற்ற கேள்விகளைப் போலவே அந்தப் பூஜ்யமும் நோயாளியின் கணக்கில்தான் எழுதப்படுகிறது. அவர் கைக்கு எட்டும் தூரத்தில் கரண்டியைப் பிடித்துக்கொண்டு யாராவது உட்கார்ந்திருக்கிறார்களா என்று அது கேட்பதில்லை. அந்தக் கேள்வியைச் சேர்த்தால் மதிப்பெண் எங்கள் கணக்கில் விழும். வார்டில் நிற்கிறவர்கள், வார்டுக்கு மென்பொருள் எழுதுகிறவர்கள், பார்க்க வரும் நேரத்தில் ஆப்பிள் வாங்கிக்கொண்டு வந்து பத்து நிமிடம் நின்றுவிட்டுப் போகிறவர்கள், எல்லாருடைய கணக்கிலும்.